பதினோரு நிமிட ஆட்டம்

அந்த வாரம் முழுவதும் ராய் ஹெப்வொர்த்தின் இடது முழங்கால் சரியாக மடங்கவில்லை. ஹார்ல்பி டவுன் கால்பந்து அணியில் ஒன்பது வருடமாக இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் அவன். நான்காம் டிவிஷனின் சேற்று மைதானங்களிலேயே இருபத்தெட்டு வயதாகிவிட்டது. வரும் சனிக்கிழமை, கோப்பைப் போட்டிக்காக முதல் டிவிஷன் அணி ஒன்று அவர்கள் ஊருக்கே வருகிறது.

வெள்ளிக்கிழமை அணியின் டாக்டரிடம் போய் நின்றான்.

"ஊசி வலியத்தான் மறைக்கும், ராய். உள்ள கிழிஞ்சது கிழிஞ்சதுதான்."

"ஒரே ஒரு ஆட்டம் டாக்டர். அப்புறம் வெட்டிக்கூடப் போடுங்க."

"வீட்ல டோரீனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா?"

டாக்டர் ஊசியை எடுத்தார்.

சனிக்கிழமை ஆட்டத்தின் பதினோராவது நிமிடத்தில், மைதான ஓரமாகப் பந்தோடு ஓடிவந்த எதிரணி விங்கரை மறிக்கத் திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. எழுந்தான், விழுந்தான், மறுபடி எழுந்தான். தண்ணீர் வாளியோடு ஓடிவந்த பயிற்சியாளர் வில்ஃபின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இறுக்கிக் கட்டிவிடு வில்ஃப். சும்மா நின்னாவது தடுக்கிறேன்."

"நிக்கறதுக்குக் கால் வேணும்ல?"

மாற்றாட்டக்காரன் கீத் உள்ளே போனான். உடைமாற்றும் அறை மேசையில் ராய் தனியே கிடந்தான். கடைசியில் ஹார்ல்பி ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தபோது கூரையே அதிர்ந்தது. யார் போட்டது என்று கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

மூன்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் எலும்புகளை மடங்காதபடி இணைத்துவிட்டார்கள். பந்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவன், பிஸ்கட் ஆலை வாசலில் இருபத்திரண்டு வருடம் காவல் இருந்தான். முதல் வருடம் சனிக்கிழமைகளில் ஆட்ட முடிவுகள் அவன் காதில் விழாதபடி டோரீன் வானொலியை ஒளித்துவைப்பாள்.

அறுபத்தாறாவது வயதில், அந்த ஆட்டத்தைக் கொண்டாட அணி அவனை அழைத்தது. போகமாட்டேன் என்றவனை டோரீன்தான் கிளப்பிக் கூட்டிப்போனாள். அங்கே பழைய ரசிகர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த விங்கரக் கட்டிப்போட்டீங்களே, ராய். இன்னும் கண்ணுலயே நிக்குது."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். வாய்வரை வந்தது.

"அது நான் இல்லைங்க. எனக்குப் பதிலா வந்த கீத்."

அவர் கையை விட்டுவிட்டு கீத் எங்கே என்று தேடிப் போனார்.

காரில் ஏறும்போது டோரீன் குனிந்து அவன் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள்.

"அன்னிக்கு ரெண்டே ரெண்டு தடவதான் டோரீன் பந்தத் தொட்டேன்," என்றான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, சற்று நேரம் வெளியிலேயே நின்றாள்.