எட்டு இருபது டயர் இருக்கா?

டயர் வாங்க யாரும் சந்தோஷமாகக் கடைக்கு வருவதில்லை. புடவைக் கடைக்குச் சிரித்துக்கொண்டு போவார்கள், மிட்டாய்க் கடைக்குக் குழந்தை குட்டியோடு போவார்கள். எங்களிடம் வருகிறவர் மட்டும் நடுரோட்டில் வண்டி நின்று, வெயிலில் காய்ந்து, டிரைவரைத் திட்டி முடித்து, மிச்சமிருக்கும் கோபத்தை எங்களுக்கென்று எடுத்துக்கொண்டு வருவார். பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு டயர் கடைக் கவுண்டரில் என் வாலிபம் பூராவும் நின்றே கழிந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய அன்பர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

அப்போது வெள்ளைக்காரர்களும் சமஸ்தானத்துப் பெரியவர்களும் கைகழுவிவிட்ட பெரிய பெரிய கார்கள் ஊரில் கைமாறிக்கொண்டிருந்தன. கார் சுலபமாகக் கிடைத்தது. அதற்கு ஏற்ற டயர்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்துகொண்டே போன காலம் அது.

ஜட்ஜ் ஐயாவின் அளவு நாடா

பென்ஷன் வாங்கிய ஒரு ஜட்ஜ் வந்தார். அவர் வண்டிக்கு ஏழு அறுபது - பதினைந்து டயர். அதாவது டயரின் பருமன் ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் ரிம் உட்காரும் வட்டம் பதினைந்து அங்குலம். ஐயா தம் மனைவியின் தையல் மிஷினிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், மொட்டையாகத் தேய்ந்துபோன டயரின் தரையில் படும் பாகத்தை மட்டும் அளந்திருக்கிறார். ஐந்து அங்குலம் வந்ததாம். டயரில் ஏழு அறுபது என்று பொறித்திருப்பது மோசடி என்று முடிவுகட்டிவிட்டார்.

பழைய செருப்பின் தேய்ந்த இடத்தை அளந்து புதுச் செருப்பு வாங்குவது போல இருந்தது கதை. காற்றடைத்த டயரின் வயிறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எத்தனை அங்குலம் என்பதுதான் கணக்கு என்று தொண்டை வற்றச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு தரப்பும் கேட்டாச்சு. அஞ்சு இஞ்சுன்னு தீர்ப்பு. அப்பீல் பண்றதுன்னா உங்க முதலாளிகிட்டப் பண்ணிக்கோ."

முதலியாரின் கூட்டல்

அல்சூரில் சினிமாக் கொட்டகை வைத்திருந்த வரதராஜ முதலியாருக்கும் அதே ஏழு அறுபதுதான் சரியான அளவு. கடையில் அது அடுக்கடுக்காக இருந்தது. ஆனால் முதலியாருக்கு எண் சாஸ்திரத்தில் பிடிப்பு அதிகம். கொட்டகையின் டிக்கெட் விலையிலிருந்து வீட்டுக் கதவின் அகலம் வரை எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் வைப்பார். "ஏழும் ஆறும் பதிமூணு. என்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பப் பாக்கிறியா தம்பி?" என்றார். கடையைச் சுற்றி வந்து, மூலையில் இருந்த எட்டு இருபது ஜோடியைக் கண்டுபிடித்தார். எட்டும் இரண்டும் பத்து. பத்து என்றால் ஒன்று. ஒன்று அவருடைய ராசி எண். அந்த அளவில் கடையில் இருந்ததே அந்த ஜோடி மட்டும்தான்.

அவர் வண்டிக்கு அது பெரிசு. எண் முன்னால் போக வேண்டும் என்று முன்சக்கரத்தில் மாட்டச் சொன்னார். எங்கள் ஃபிட்டர் ரஹீம் பாய் தலையில் அடித்துக்கொண்டே மாட்டினார். மறுநாள் காலை முதலியார் திரும்பி வந்தார். வீட்டு கேட்டுக்குள் வண்டியை ஒடித்துத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிக் கறகறவென்று சத்தம் போடுகிறதாம். சரிதான், மனுஷர் வழிக்கு வந்துவிட்டார் என்று ஏழு அறுபதை உருட்டிக்கொண்டு போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"டயரை யார் மாத்தச் சொன்னது? மட்கார்டை வெட்டு!"

ரெட்டியாரின் அவசரம்

வெட்டி முடித்த மறுவாரம் ஆனேக்கல் ரெட்டியார் வந்தார். செங்கல் சூளை, கல் குவாரி என்று வசதியான மனிதர். அவர் புதிதாக வாங்கியிருந்த பழைய கார் எங்கள் கடை வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. காலியாக இருந்தாலே இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். பின்சக்கரம் இரண்டிலும் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. எட்டு இருபதைத் தவிர வேறு எதுவும் அந்தக் கனத்தைத் தாங்காது. ஊரில் எந்தக் கடையிலும் அது கிடையாது.

ரெட்டியாரோ பேரனுக்கு முடி இறக்கத் திருப்பதி போகிற அவசரத்தில் இருந்தார். சித்திரை வெயில், வண்டிக்குள் எட்டு உருப்படி, மேலே கேரியரில் சமையல் பாத்திரம், அப்புறம் மலைப்பாதை. கையில் கிடைத்த ஆறு எழுபதைக் காட்டி மாட்டச் சொன்னார். வட்டம் அதே பதினைந்துதானே என்பது அவர் வாதம். சின்ன டயர் அவ்வளவு பாரத்துக்கு மடங்கும், மடங்கி மடங்கிச் சூடாகும், சூடானால் வெடிக்கும் என்றேன். எனக்குத் தெரிந்த தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தேன். எங்கள் முதலாளியும் உள்ளேயிருந்து, கேட்டதைக் கொடுத்து அனுப்பச் சொன்னார். டயர் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ரிம்மில் உட்கார்ந்தது. ரெட்டியார் அதைக் காலால் ஒரு தட்டு தட்டினார்.

"ஒக்காந்துச்சா இல்லியா? ஆயித்து, பிடு! முடிஞ்சுதுல்ல, விடு! அப்புறம் என்னய்யா உம்பேச்சு?"

சின்னப்பன் டீ குடிக்கவில்லை

ரெட்டியாரின் டிரைவர் சின்னப்பன் ஆஸ்டின் டவுன்காரன். முதலாளி இருக்கும்போது வாயே திறக்காதவன் அன்று மத்தியானம் தனியாக வண்டியோடு வந்தான். டீ சொன்னேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். முன்பு வேறொரு முதலாளியிடம் இருந்தபோது கோலார் ரோட்டில் டயர் வெடித்து வண்டி புளியமரத்தில் ஏறியதாம். அதற்குப் பிறகு மலையில் இறங்குவது என்றாலே பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை என்றான். போக மாட்டேன் என்று சொன்னால் வேறு டிரைவர் வருவான். வண்டி எப்படியும் போகும், பின்சீட்டில் அந்தப் பேரக் குழந்தையும் உட்காரும் என்றான்.

வேலை போனாலும் பரவாயில்லை என்று நின்றுவிடக் கூடாதா என்று கேட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு நான் கேட்ட அசட்டுக் கேள்வி அது. டீயை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்:

"வெடிச்சா முதலாளி வேற வண்டி வாங்கிக்குவாரு சார். எம்பொண்டாட்டி வேற புருஷனுக்கு எங்க போவா?"

பத்தொன்பது

அந்தப் பேச்சுக்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு இருபது ஊரில் இல்லாமல் இல்லையே. அல்சூரில் முதலியார் மட்கார்டை வெட்டி வைத்துக்கொண்டு அதில்தானே ஊர்வலம் போகிறார்! சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அளவு, பாரம், சூடு என்று ஆரம்பித்தேன். ஒரு உயிர் விஷயம் என்றும் சொன்னேன். "அவன் தலையெழுத்துக்கு என் நம்பரை ஏன் கேக்கறே?" என்றார். பேசிப் பேசி ஓய்ந்து வெளியே வந்து அவருடைய காரருகே குந்திவிட்டேன். எதிரில் டயரில் எழுத்து பெரிசாக நின்றது: எட்டு இருபது - பதினைந்து.

மறுபடி உள்ளே ஓடினேன். "ஐயா, பதினைந்தை ஏன் கூட்டாம விட்டீங்க? அதுவும் டயர்லதானே பொறிச்சிருக்கு?" என்றேன். முதலியார் முகம் வெளுத்துவிட்டது. விரல்விட்டு எண்ணினார். எட்டும் இரண்டும் ஒன்றும் ஐந்தும் பதினாறு; உயரத்திலிருந்து விழுகிறவனுடைய எண்ணாம் அது. ஏழு அறுபது - பதினைந்தைக் கூட்டினால் பத்தொன்பது; சூரியனுடைய எண்ணாம். அரைமணியில் அவர் வண்டி எங்கள் கடை வாசலில் நின்றது. ரெட்டியாரைச் சம்மதிக்க வைக்கும் வேலையைச் சின்னப்பன் பார்த்துக்கொண்டான். சின்ன டயரில் வண்டி பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, திருப்பதியில் சம்பந்தி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாகத் தெரியும் என்று சொன்னானாம். ரெட்டியார் அன்று சாயந்திரமே மாற்றச் சொல்லிவிட்டார். முன்னால் முதலியாருக்கு ஏழு அறுபதும் பின்னால் ரெட்டியாருக்கு எட்டு இருபதும் மாட்டி முடித்த ரஹீம் பாய், முதுகை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா அளவு சொல்லிச் சொல்லிச் செத்தியே தம்பி, மொதல்லியே கூட்டிச் சொல்றதுக்கு என்னா?"

திருப்பதியிலிருந்து வந்த வண்டி

அவர்கள் போய்த் திரும்புகிற வரை எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. சரியான அளவுதான், ஆனாலும் முதலியார் வண்டியில் உரசிய டயர். ஒவ்வொரு நாளும் வாசலில் பெரிய வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் அந்த வண்டியே வந்து நின்றது. மொட்டைத் தலையோடு குழந்தை ஜன்னல் வழியாக எச்சில் வடித்துக்கொண்டிருந்தது. சின்னப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனை முழுசாகப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றடிக்கும் பம்பைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ரெட்டியார் இறங்கி வந்து ஒரு லட்டை என் கையில் வைத்தார். "வெடிக்கும் வெடிக்கும்னியே, எங்கய்யா வெடிச்சுது? எல்லாம் அந்த ஏழுமலையான் பாத்துக்கிட்டான். நீ வியாபாரத்துக்காகப் பயமுறுத்தறே!" என்று சொல்லிவிட்டு ஸ்டெப்னியாக ஆறு எழுபதையே போட்டுக்கொண்டு போகத் தயாரானார். சின்னப்பனாவது உண்மையைச் சொல்வான் என்று அவன் ஜன்னலருகே போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மலையில வண்டி அப்படியே தரையப் புடிச்சுக்கிட்டு எறங்குச்சு சார். வேளாங்கண்ணி மாதாதான் கூடவே வந்தா."

சரியான டயர் போட்டால் ஒன்றும் நடக்காது, அப்படி ஒன்றும் நடக்காததற்கு ஏழுமலையானும் மாதாவும் ஏற்கெனவே பாராட்டு வாங்கிக்கொண்டுவிட்டதால், நாள் பூராவும் நின்ற காலோடு நானும் போய் அந்த வரிசையில் நிற்பானேன் என்று லட்டைத் தின்றுவிட்டு அடுத்த வண்டியைக் கவனிக்கப் போய்விட்டேன்.