பிளக்குக்கு வைத்த பொட்டு

சனிக்கிழமை மத்தியானம் அப்பா மருந்து மெஷினை முதுகிலிருந்து இறக்கி வைத்தால், அதைத் துடைத்துப் பூட்டி முடிக்கும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பெட்ரோல் வாசம் போன பிறகுதான் தேத்தண்ணி. தம்பியும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இலங்கையில் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் தொடக்கம். மழை பிடித்தால் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய் வரும். அதற்கு மருந்தடிக்க, பெட்ரோலில் ஓடும் மெஷின் ஒன்று தோட்டத்துக்கு வந்திருந்தது. என்ஜின் காற்றை ஊதும், காற்று மருந்தைப் பனியாக்கிச் செடிமேல் தள்ளும். என்ஜினும் மருந்துத் தொட்டியும் சுமக்கிறவரின் முதுகில்தான். அதை நம்பிக் கொடுத்தது அப்பாவிடம் மட்டும். நாங்கள் குடியிருந்த லயத்தில் அவருக்கு மெஷின்காரர் என்று பெயர். அம்மாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அப்பாவுக்கு எவ்வளவு பெருமை என்று யாரும் கேட்கவில்லை. பகல் முழுவதும் அது பிடரியில் கத்தியதால், வீட்டில் நாங்கள் பேசுவது அவருக்குப் பாதிதான் கேட்கும். வார் அழுத்தி இரண்டு தோளிலும் தோல் உரிந்திருக்கும். கண் சிவந்துபோய், இருமி இருமிச் சாப்பிடுவார். சில நாள் சோற்றுக் கை காயக் காயத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் சனிக்கிழமை வேலையில் மட்டும் ஒரு குறையும் வைக்கமாட்டார். காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் பஞ்சைப் பெட்ரோலில் அலசிப் பிழிந்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையில் சிக்கிய தேயிலைச் சருகை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பார். கடைசியில் என்ஜினின் பிளக்கைக் கழற்றி, கரியை அரை பிளேடால் சுரண்டி, முனையில் உள்ள இடைவெளிக்குள் இரும்பு அறுக்கும் வாளின் உடைந்த துண்டு ஒன்றை விட்டுப் பார்ப்பார். அது இடிக்காமலும் ஆடாமலும் போய் வரவேண்டும். ஒரு தடவை அது என்ன என்று கேட்டேன். "இதுதாம்மா இதோட உசிரு. இங்கதான் நெருப்பு பொறக்குது," என்றார்.

அந்தப் பதிலை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆயுத பூசைக்குச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் கொழுந்துக் கூடை, எங்கள் புத்தகங்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக ஏறின. மெஷினும் வந்தது. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அப்பா பெட்ரோலை வடித்து, பிளக்கைச் சுத்தம் செய்து, கழற்றியபடியே ஒரு பேப்பரில் வைத்திருந்தார். அப்படியும் அம்மா பயந்துகொண்டு, கற்பூரத் தட்டை எட்ட நின்றே காட்டினாள்.

பொட்டு வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. கத்திக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று, மெஷினின் தொட்டிக்குப் பெரிதாக ஒன்று வைத்தேன். பிளக்குக்கு வந்ததும் உசிர் ஞாபகம் வந்துவிட்டது. உசிருக்கு வெளியே பொட்டு வைத்தால் போதுமா? நெருப்பு பிறக்கும் அந்த இடுக்குக்குள் சந்தனத்தைக் குழைத்து நன்றாக அடைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா அரைத் தூக்கத்தில், அடுப்பு வெளிச்சத்தில் பிளக்கை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மருந்தடி, பள்ளிக்கூடப் பாதைக்குக் கீழே உள்ள மலையில். நான் போகும்போது அப்பா என்ஜின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பார், மூச்சு வாங்குவார், திரும்ப இழுப்பார். துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை இடுப்பில் கை வைத்து நின்றார். இரண்டு பீப்பாய் மருந்து கரைத்துத் தயாராக இருந்தது, வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அப்பா பிளக்கைக் கழற்றினார். கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"பொட்டு வைக்க வேற எடம் கெடைக்கலியாய்யா ஒனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னத்துரை சிரிக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டார். அப்பா தலையை நிமிர்த்தினார். மேலே பாதையில் நின்ற என்னைக் கண்டார்.

"நான்தாங்க வச்சேன்," என்றார்.

நான்தான் வைத்தேன் என்று கத்தியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிளக்கைத் துடைத்து மாட்டுவதற்குள் மழை கொட்டிவிட்டது. கரைத்த மருந்தெல்லாம் வீண். மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவைப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அடி விழும் என்று கூடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அப்பா என்னைத் தேடவே இல்லை. யார் வைத்தது என்று அம்மாவிடமும் சொல்லவில்லை. அவமானம் தாங்காமல் அம்மாதான் ஒரு வாரம் தலை குனிந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய்வந்தாள்.

அந்த ஒரு மாதம் அப்பா தூங்கினார். வேலை விட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, தலைமாட்டில் கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்கினார். தோளில் புண் ஆறி, புதுத் தோல் வந்தது. இருமல் குறைந்தது. தம்பி சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சத்தமாகச் சிரித்தார். அது அவர் காதில் விழுந்திருக்கிறது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. கவலையில் மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மாரியம்மன் கோயிலை ஒன்பது தடவை சுற்றினேன். மெஷினை அப்பாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லு ஆத்தா என்று கெஞ்சினேன்.

ஆத்தா கேட்டுவிட்டாள். புதிய ஆள் பஞ்சையும் கழுவவில்லை, கரியையும் சுரண்டவில்லை. என்ஜின் புகை அடைத்துப் படுத்துவிட்டது. நாளையிலிருந்து நீயே எடு என்று அப்பாவுக்கு ஆள் வந்தது. துரை சொன்னதை ஏலாது என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கு வாய் இருந்தது? அம்மா அன்று பாயாசம் வைத்தாள். நான் குதித்துக்கொண்டு ஓடி, கோயிலைச் சுற்றியதை அப்பாவிடம் சொன்னேன்.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் தோளைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அடுத்த பூசைக்கும் நீயே பொட்டு வையி தாயி. அதே மாதிரி."

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து நான் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார். இனிமேல் ஜென்மத்துக்கும் அந்தத் தப்பைச் செய்யமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த வருடமும் பிளக் பேப்பரில் வந்து உட்கார்ந்தது. சந்தனக் கிண்ணத்தோடு நான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, அதன் பக்கமே போகவில்லை. காலையில் அப்பா பிளக்கை எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடைத்தது துடைத்தபடியே இருந்தது. நல்ல பிள்ளை என்று சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் அதை மாட்டி, மெஷினைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டார்.