பூட்டாத வண்டி

இஞ்சிக் கிட்டங்கியின் வாசலில் மொபெட்டை நிறுத்தியதும் பாண்டிச்செல்வி முதலில் ஹேண்டிலை நேராக்குவாள். பிறகு காலால் ஸ்டாண்டைத் தள்ளுவாள். ஸ்பிரிங் தளர்ந்த ஸ்டாண்டு அது. போடும்போதும் எடுக்கும்போதும் யாரோ நாக்கைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் வரும். சாவியைத் திருப்பி அணைப்பாள், உருவ மாட்டாள். மஞ்சள் கயிற்றில் கோத்த சாவி அங்கேயே தொங்கும். சாயா கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மரப்படிகளில் ஏறிவிடுவாள்.

மட்டாஞ்சேரி பஜார் தெருவில் வண்டியைப் பூட்டுவது மரியாதை இல்லை. ஒரு லாரி நுழைந்தால் மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வண்டிக்காரர்கள் மாடியில் இருப்பார்கள், கீழே லாரி ஹாரன் அடிக்கும். அப்போது அருகில் யார் நிற்கிறார்களோ அவர்கள் வண்டியைத் தள்ளி ஓரமாக வைப்பார்கள். பூட்டிய வண்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும், பூட்டாததற்கு ஒரு கை போதும். அதனால் யாரும் பூட்டுவதில்லை. "நிறுத்துறது மட்டும்தான் நம்ம ஜோலி. எங்க நிக்கணும்னு ரோடு பாத்துக்கும்" என்பாள் செல்வி.

சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. ஹெல்மெட் தலையில் இருக்காது, கைப்பிடியில் கூடைபோலத் தொங்கும். அதற்குள் துணி சுற்றிய கண்ணாடி கிளாஸ்கள். ஒருமுறை போலீஸ்காரர் மறித்துக் கேட்டபோது, "தலையவிட இதாக்கும் ஸாரே சீக்கிரம் உடையுறது" என்றாள். அபராதத்தைக் கட்டிவிட்டு அவருக்கும் ஒரு சாயா கொடுத்தாள்.

சாயா ஊற்றும்போது சர்க்கரை வேண்டுமா என்று அவள் கேட்பதில்லை. முகத்தைப் பார்ப்பாள், முடிவு செய்வாள். "கொஞ்சம் பேருக்குச் சீனி வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. மத்தவங்களுக்கு நான் சொல்லுவேன்." இரவெல்லாம் தூங்காமல் வந்தவனுக்கு, அவன் கேட்காமலே இரண்டாவது கிளாஸ் வரும்.

அவளுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். அவள் பிறந்தது இங்கே. கல்யாண வீடுகளுக்குப் போனால் அத்தை மகள்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். "ஒன் தமிழ் மழையில நனைஞ்ச தமிழ்டி." அவளும் சிரிப்பாள். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதிய பஸ்ஸில் ஏறும்போது மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள்.

கிட்டங்கிக்கு எதிரே ஒரு முற்றம் இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தெரு. செல்வி தாவணி போட்ட காலத்தில் அங்கே இஞ்சி காய்ந்தது. சுண்ணாம்பு நீரில் முக்கி எடுத்த இஞ்சியைப் பரப்புவார்கள். வெயில் ஏறியதும் தரை வெள்ளையாகி, கண் கூசும். பெண்கள் கால் மாற்றிக் கால் வைத்து, நடனம்போல நடந்து கிளறுவார்கள். சாயங்காலம் எல்லார் கையும் வெள்ளை, புருவமும் வெள்ளை. மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் தெருவில் போனால் சுண்ணாம்பு அடித்த சுவர்கள் நடந்துபோவது போலிருக்கும்.

அந்தப் பொடி எல்லாவற்றின் மேலும் படியும். வண்டியை யார் நகர்த்தினார்கள் என்று கேட்கவே வேண்டாம், சீட்டின் மேல் கை பதிந்திருக்கும். வேலனின் கையை யாரானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். மூட்டைக் கொக்கி கிழித்ததில் மோதிரவிரல் வளைந்து, மற்ற விரல்களோடு சேராமல் தனியாகப் பதியும். வேலன் அவள் அப்பாவோடு மூட்டை தூக்கியவன். தொழிற்சங்கத்தின் நீலச் சட்டையை மடித்து வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் தெருவுக்கு வந்துவிடுவான். அடைத்த கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து, லாரி வந்தால் எழுந்து, வண்டிகளை ஒவ்வொன்றாக ஓரங்கட்டுவான். யாரும் அவனுக்குக் கொடுத்த வேலை அல்ல. அவன் இல்லாத நாளில் லாரிகள் நின்றுவிடும்.

முற்றம் கைமாறியது. வாரிசுகள் ஒரு பார்க்கிங் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். தரையில் வெள்ளைக் கோடுகள், வாசலில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடுப்புக் கட்டை, கம்பத்தின் உச்சியில் காமிரா. கட்டணச் சீட்டு எடுக்காமல் நிற்கும் வண்டிக்குச் சக்கரப்பூட்டு என்று மலையாளத்தில் ஒரு பலகை. மழை பெய்தால் மட்டும் கோடுகளுக்கு நடுவிலிருந்து பழைய இஞ்சி வாசனை எழும். அப்போது செல்வி அந்தப் பக்கம் மெதுவாகப் போவாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அவள் மாடியில் இருந்தபோது லாரி வந்தது. இஞ்சி பொறுக்கும் அம்பிளியின் மகளுக்கு வரன் அமைந்திருந்த பேச்சில் அவள் ஹாரனைக் கேட்கவில்லை. கீழே வந்தால் வண்டி இல்லை. அதற்காக அவள் பதறவில்லை. லாரி வடக்கிலிருந்து வந்திருந்தால் வண்டி பலசரக்குக் கடைச் சுவரோரம் இருக்கும், தெற்கிலிருந்து என்றால் முற்றத்தில் இருக்கும். லாரி வடக்கே பார்த்துப் புகை விட்டுக்கொண்டு நின்றது. முற்றத்துக்குப் போனாள்.

மேற்குச் சுவரின் நிழலில் மொபெட் நின்றது. சீட்டு சுடாமலிருக்க அதன்மேல் ஒரு தோர்த்து விரித்திருந்தது. கட்டம் போட்ட அந்தத் துண்டு வேலனுடையது. முன் சக்கரத்தில் மஞ்சள் நிற இரும்புப் பூட்டு. காவலாளி கைவிரித்தான். "இடப்பள்ளி ஆபீஸ்ல போய்ப் பறயணும் சேச்சி. இவிட திறக்கான் பற்றில்லா."

மறுநாள் அவள் கேனை இடுப்பில் வைத்து நடந்தே சாயா கொடுத்தாள். முட்டி வீங்கியது. பாதித் தெருவோடு நிறுத்திக்கொண்டு, படகேறி, பஸ் ஏறி இடப்பள்ளிக்குப் போனாள்.

பெரிய மால்களுக்குப் பின்னால், பர்னிச்சர் கடையின் மாடியில் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் ஒரு இளைஞன், சட்டையில் அருண்பாண்டி என்று பெயர்ப்பட்டை. அவள் மலையாளத்தில் வாதாடத் தொடங்கினாள். அவன் பாதி புரிந்து பாதி விழித்தான். நடுவில் அவன் போன் அடித்தது. "ம்மா, பொறவு பேசுதேன். ஆளு வந்திருக்கு."

"தமிழா?" என்றாள் செல்வி. "முதல்லயே பறஞ்சிருக்கலாம்லே."

"நீங்க தமிழாக்கா?"

"கேட்டாத் தெரியலயா?"

"சத்தியமாத் தெரியல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த முற்றத்துல நான் இஞ்சி கிளறியிருக்கேன் தம்பி. காலு வெந்திருக்கு. அங்க என் வண்டி கொஞ்ச நேரம் நிழலுக்கு நின்னதுக்கு நான் காசு கெட்டணுமா?"

"அதெல்லாம் காமிராவுக்குத் தெரியாதுக்கா."

"காமிராவுக்கு என்ன தெரியும்? காட்டு."

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். முற்றத்தை அவள் மேலிருந்து பார்த்ததே இல்லை. அவ்வளவு சின்னதா அது என்று தோன்றியது. தடுப்புக் கட்டைக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில் ஒரு ஆள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறான். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை சீட்டில். வெள்ளைக் கோடுகளைப் பார்க்காமல், தலை குனிந்து, நேராக மேற்குச் சுவருக்குப் போகிறான். அந்த வெயில் நேரத்தில் நிழல் விழுகிற இடம் அது ஒன்றுதான். நிறுத்திவிட்டு இரண்டடி போனவன் திரும்பி வருகிறான். தோளிலிருந்த தோர்த்தை எடுத்து உதறி, சீட்டின் மேல் விரித்து, மூலைகளை இழுத்துச் சரிசெய்கிறான்.

செல்வி திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"இது யாருக்கா?"

"நான்தான்."

"அக்கா, மீசை இருக்கு."

"இருக்கட்டும்."

"லுங்கி கட்டியிருக்காரு."

"வெயிலுக்கு லுங்கிதான் சொகம்."

அருண்பாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளறையின் கண்ணாடிக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அக்கா, ஒரு வழி சொல்லுதேன். ‘என் சம்மதம் இல்லாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு’ன்னு ஒரு வரி எழுதித் தாங்க. ஒங்களுக்குச் சார்ஜ் கெடயாது. இப்பவே போன் போட்டுப் பூட்டத் தொறக்கச் சொல்லிருதேன்."

"அவரு?"

"அவரு மேல கம்பெனி ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுக்கும். பெருசா ஒண்ணும் ஆவாது. கூப்பிட்டு விசாரிப்பாங்க, அவ்வளவுதான்."

கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஸ்டேஷன் பெஞ்சில், வளைந்த விரலை மற்ற கையால் மூடிக்கொண்டு வேலன் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"தம்பி, அந்த ரோட்டுல என் சம்மதம் இல்லாத ஆளே கெடயாது."

"சம்மதம்னு நீங்க வாயால சொன்னீங்களா?"

"சாவிய விட்டுட்டுப் போறவளுக்கு வாய் எதுக்கு?"

அவன் பேனாவை மூடி வைத்தான். அவள் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, கேட்டதைக் கட்டினாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "அந்தப் படம் எனக்கொரு காப்பி கிட்டுமா?"

"எதுக்குக்கா?"

"நல்லா விழுந்திருக்கேன்."

"அதுக்கு ரூல் இல்லக்கா" என்றான். ஆனால் திரையை உடனே அணைக்கவில்லை. அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் மேசை மேலிருந்த எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

சக்கரப்பூட்டு போய்விட்டது. ஆனால் தெரு வேறுவிதமாகப் பூட்டிக்கொண்டது. செய்தி எப்படியோ பரவியிருந்தது. ஒருவன் ஹேண்டிலைப் பூட்டினான், அடுத்த நாள் பக்கத்துக் கடைக்காரன் பூட்டினான். ஹாரன்கள் நீண்டன. மாடிகளிலிருந்து ஆட்கள் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார்கள். வேலன் அடைத்த கடைப் படியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்வி வரும் நேரத்துக்கு எழுந்து படகு ஜெட்டிப் பக்கம் போய்விடுவான்.

ஒருநாள் அவளே ஜெட்டிக்குப் போனாள். துவைத்து மடித்த தோர்த்தை அவன் மடியில் வைத்துவிட்டு, கேனைத் திறந்தாள். அவன் லுங்கி மடிப்பிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்து நீட்டினான்.

"இத வை செல்வி."

"எதுக்கு?"

"நீ கெட்டினது எனக்குத் தெரியும். நான் செஞ்ச ஜோலியாக்கும் அது."

"யாரு பறஞ்சா? படத்துல இருந்தது நானாக்கும்."

"சும்மா இரி" என்றான் வேலன். கிளாஸை வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. "அந்தப் போர்டு நான் வாசிச்சிருக்கேன். தெரியாதுன்னு சொல்லுறதுக்கில்லை. காலு பழைய வழிக்குப் போயிருச்சு."

"போகட்டும் வேலண்ணே."

"இனிமே யாரோட வண்டியையும் நான் தொடுறதில்ல. களமசேரியில மோள் விளிச்சிட்டே இருக்கா. அங்க போயிரலாம்னு வெச்சிருக்கேன். ப்ளாட்டு. லிப்ட் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அங்க வண்டியெல்லாம் அடியில, கோட்டுக்குள்ள நிக்கும்" என்றான்.

"எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை வருவா, கூட்டிட்டுப் போக."

பாதி சாயாவோடு கிளாஸைத் திருப்பித் தந்தான். நோட்டுகளை அவன் மடியிலேயே போட்டுவிட்டு அவள் வந்துவிட்டாள். வருகிற வழியில் அந்தப் பாதி சாயாவை அவளே குடித்தாள். சர்க்கரை குறைவாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் பாண்டிச்செல்வி மொபெட்டைக் கிட்டங்கி வாசலில் ஓரமாக நிறுத்தவில்லை. கொஞ்சம் முன்னால், தெருவின் நடுவுக்கு நீட்டிக்கொண்டு நிறுத்தினாள். ஹேண்டிலை நேராக்கினாள். ஸ்டாண்டு நாக்கைச் சொடுக்கியது. மஞ்சள் கயிற்றுச் சாவி அப்படியே தொங்கியது. அன்று எழுந்துபோகாமல் அடைத்த கடைப் படியிலேயே இருந்த வேலனைப் பார்க்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

இஞ்சி பொறுக்கும் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹெல்மெட்டிலிருந்து கிளாஸ்களை எடுத்து வரிசையாக வைத்தாள். முதல் கிளாஸை ஊற்றும்போது கீழே ஹாரன் கேட்டது.

அம்பிளி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "சேச்சி, உன் வண்டியாக்கும்."

"இருக்கட்டும்."

"லாரிக்காரன் சீத்தை விளிக்குறான், கெட்ட கெட்ட வார்த்தை."

"விளிக்கட்டும். அவன் வாய்."

ஹாரன் மறுபடியும், இந்தத் தடவை விடாமல் அடித்தது. "வேலன் சேட்டன் எழுந்து நிக்குறாரு" என்றாள் அம்பிளி. "கையைப் பின்னால கட்டிட்டு நிக்குறாரு. நான் போய் நீக்கிட்டு வரவா?"

"இங்க வந்து இரி."

அம்பிளி வந்து உட்கார்ந்தாள். செல்வி அடுத்த கிளாஸைக் கேனின் குழாய்க்குக் கீழே பிடித்தாள். கட்டைவிரல் குழாயின் மேல் இருந்தது, திருகவில்லை. ஹாரன் நின்றது. பெண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயா வரவில்லை.

கீழே நாக்கைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம்.

அவள் குழாயைத் திருகினாள்.