பின்வாசலில் நுழைந்த பிள்ளைகள்

கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு மாவட்டத்து வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1959இல் பள்ளிக்கூடங்களை மொத்தமாக இழுத்துப் பூட்டிவிட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் தனியார் பள்ளி ஒன்றைத் திறந்துகொண்டார்கள். என்ன மனசோ!

சும்மா இருக்குமா கறுப்பர் சனம்? தேவாலயத்தார் பக்கத்து மாவட்ட எல்லைக்குள் ஓர் ஒழுகல் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே குடியிருந்தால் அந்த மாவட்டத்துக் கறுப்பர் பள்ளியில் இடம் உண்டு. குடியிருப்பதுபோல் காட்டும் பொறுப்பு, புகையிலைக் காட்டில் கூலி வேலை செய்த ஆர்டீலியாவுக்கு. விடிந்ததும் போய் அடுப்பு மூட்டிப் புகை காட்டுவாள். கொடியில் துணி போடுவாள். லாரியில் வந்திறங்கும் பிள்ளைகள் பின்வாசலில் நுழைந்து, ஆளுக்கொரு சோளரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு, பள்ளிப் பேருந்து வந்ததும் முன்வாசலில் வெளியே வருவார்கள். மொத்தம் பத்தொன்பது பேர். அதில் ஒருத்தி ஆர்டீலியாவின் ஒரே மகள் வெர்லீன். பன்னிரண்டு வயது.

"ஏக்கா, இத்தனையும் நீ பெத்ததா, இல்ல தோட்டத்துல வெளஞ்சுதா?" என்பார் பேருந்து ஓட்டும் ஓடெல்.

"கண்ணு வைக்காம வண்டிய எடுப்பா!"

இரண்டு மாதம் ஓடியது. எவரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை பள்ளி அதிகாரி வந்து இரண்டு அறைகளையும் பார்த்தார். இருந்தது ஒரே கட்டில்.

"பத்தொம்பது பேரும் இதுலயா படுக்கிறாங்க? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"தரையில படுப்போங்கய்யா."

"இந்த வீட்டுக்கு ஆறு பிள்ளைங்கதான். நிஜமாவே இங்க தங்கணும். திங்கக்கிழமை பேரு கொடுத்துடு."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எல்லாத் தாய்மாரும் ஆர்டீலியாவையே பார்த்தார்கள். எழுத்தே தெரியாத சின்னஞ்சிறுசுகளாகப் பார்த்து ஆறு பேரைச் சொன்னாள்.

"அம்மா, என் பேரு விட்டுப்போச்சு," என்றாள் வெர்லீன்.

"விட்டுப்போகலடி. உனக்குப் படிக்கத் தெரியும். அதுங்களுக்குத் தன் பேரு எழுதக்கூடத் தெரியாது."

"நான்தானேம்மா உன் பொண்ணு?"

ஊரார் பிள்ளைகள் ஆறு பேரோடு ஆர்டீலியா அந்த வீட்டுக்குக் குடிபோனாள். அவள் பார்த்த புகையிலை வேலைக்கு வெர்லீன் போனாள்.

ஐந்து வருடம் கழித்துத்தான் சொந்த மாவட்டத்தில் பள்ளிகளைத் திறந்தார்கள். வெர்லீனுக்குப் பதினேழு வயது. விட்ட இடம் ஆறாம் வகுப்பு. போகமாட்டாள் என்றே ஆர்டீலியா நினைத்திருந்தாள். போனாள். அதே வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் போசி, அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"வெர்லீக்கா, இங்க வா, உனக்கு இடம் போட்டிருக்கேன்!"

பக்கத்தில் போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள் வெர்லீன். ஆசிரியை பாடத்தை வாசிக்கச் சொன்னதும், "கொஞ்சம் மெதுவா வாசி, எனக்கு மறந்துபோச்சு," என்று போசியிடம் கேட்டாள். வாசலில் நின்ற ஆர்டீலியாவின் காதில் அது விழுந்தது.