மழையோடு சேராத புள்ளிகள்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நகராட்சிப் பொறியியல் பிரிவில் அளவு எடுப்பது அவள் வேலை. காலில் சக்கரம் கட்டியவள். பேருந்துக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்துவிடுவாள்.

குன்றின் சரிவில் இருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் தரை வெடித்ததிலிருந்து அவளுக்கு அறவே இருப்புக் கொள்ளவில்லை. வரிசையின் கடைசி வீடு அவளுடைய அக்காவுடையது. வெடிப்பின் இரு கரையிலும் இரும்பு முளை அடித்து, தினமும் காலை எட்டு மணிக்கு இடைவெளியை அளந்தாள். கூடவே மழைமானியில் சேர்ந்த நீரையும் குறித்துக்கொண்டாள்.

“மழைதான் காரணம். மண்ணு ஊறுது, சரியுது. இதுல ஆராய என்ன இருக்கு?” என்றார் பொறியாளர்.

நாலு வாரம் ஆனதும் கட்டம் போட்ட தாளை விரித்தாள். கிடைக்கோட்டில் அன்றைய மழை. நெடுக்கோட்டில் வெடிப்பு அன்று எவ்வளவு விரிந்தது என்ற அளவு. நாளுக்கு ஒரு புள்ளி. மழைதான் காரணமென்றால், மழை கூடக் கூடப் புள்ளிகள் மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கைதவறிக் கொட்டிய கடுகுபோலத் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் ஓடிய நாளில் வெடிப்பு அசையவே இல்லை. சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நாளில் நாலு மில்லிமீட்டர் விரிந்திருந்தது.

தண்ணீர் மண்ணுக்குள் இறங்க நேரம் பிடிக்குமோ என்று முந்தைய நாள் மழையை வைத்துப் போட்டுப் பார்த்தாள். மூன்று நாள் மழையைக் கூட்டியும் போட்டாள். தாள்தான் வீணானது. சாப்பிட உட்கார்ந்தால் புள்ளி, கண்ணை மூடினால் புள்ளி.

“இப்படியே போனா உன் மண்டையிலதான் வெடிப்பு விழும்” என்றாள் அக்கா.

மழை விட்டு ஐந்து நாள் ஆன ஒரு காலையில், வெடிப்புக்குக் கீழே இறங்கியவளின் செருப்பு சேற்றில் புதைந்தது. குனிந்து மண்ணைப் பிசைந்தாள். சொதசொதவென்று இருந்தது. மழையே இல்லாதபோது இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நிமிர்ந்து பார்த்தாள். குன்றின் உச்சியில் குடிநீர்த் தொட்டி நின்றது.

அந்தத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர்தான்.

“அத்தான், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு எழுதுவீங்கல்ல, அந்த நோட்டு ஒரு நாளைக்கு வேணும்.”

“எதுக்கு?”

“ஒரு படம் போட்டுப் பாக்கணும்.”

“சொந்த வீடு சரியறதுக்கு நானே தண்ணி ஊத்துறேன்னு சொல்ல வர்றியா?” அவர் முகம் கறுத்தது. ஆனாலும் நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

மழை இருந்த இடத்தில் மோட்டார் ஓடிய நேரத்தை வைத்தாள். பத்துப் புள்ளி வைப்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள் கீழிருந்து மேலே வரிசையாக ஏறின. மூன்று மணி நேரம் ஓடிய நாட்களில் வெடிப்பில் ஒன்றுமில்லை. ஆறு மணி நேரம் தாண்டிய நாட்களில் மூன்று, நாலு மில்லிமீட்டர். தெருவில் தண்ணீர் ஓடிய அன்று மின்சாரம் இல்லை. மோட்டாரே ஓடவில்லை!

பொறியாளர் தாளை நெடுநேரம் பார்த்தார். “ரெண்டும் சேந்து ஏறுதுன்னா, ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு ஆயிடுமாம்மா?”

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் நியாயம் இருந்ததுதான் காரணம். “அப்போ நிறுத்திப் பாப்போம் சார். ஆறு நாள் தொட்டி காலியா இருக்கட்டும். அப்பவும் வெடிப்பு நிக்கலைன்னா நான் சொன்னது தப்பு.”

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. குடங்களோடு வரிசையில் நின்ற ஒருத்தி கத்தினாள்: “ஏ மில்லிமீட்டரு, உன் படத்தைப் பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி வருமா?”

முதல் நாள் வெடிப்பு மூன்று மில்லிமீட்டர் விரிந்தது. இரண்டாம் நாள் இரண்டு. “தொட்டி காலி. இப்போ யாரு ஊத்துறா?” என்று முதுகுக்குப் பின்னால் அத்தான் கேட்டார். “தெருக்காரங்க பிடிச்சு வைக்கட்டும்னு முந்தின நாள் முழுக்க ஓட்டினீங்களே, ஊறின மண்ணு வடிய வேணாமா?” என்றாள். எட்டு மணி அளவு போதாமல் மதியமும் மாலையும் போய் அளந்தாள். மூன்றாம் நாள் ஒன்று. நாலாம் நாள் அளவு நாடாவில் எண் மாறவில்லை. நம்பாமல் நாலு தடவை அளந்தாள். ஐந்தாம் நாளும் அப்படியே. அன்று மாலை பேய்மழை பிடித்தது. மறுநாள் காலை அத்தானே குடையோடு வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். விரியவில்லை.

தொட்டியின் அடியில் தோண்டினார்கள். குழாய் இணைப்பு உடைந்திருந்தது. தொட்டி நிறைய நிறைய, அழுத்தத்தில் தண்ணீர் அதன் வழியே மண்ணுக்குள் பீறிட்டிருக்கிறது.

“சீக்கிரம் காலியாகுதேன்னு நான் கூடுதலா ஓட்டினேன்” என்றார் அத்தான், குழியைப் பார்த்தபடி.

“உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தான்? எனக்கே ரெண்டு மாசம் தெரியலையே.”

குழாயை மாற்றினார்கள். ஆனால் திறந்த மண் மூடிக்கொள்ளவில்லை. கடைசி மூன்று வீடுகளில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதை வீட்டுக் கதவுகளில் ஒட்டும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“வேற யாராவது ஒட்டியிருக்கலாம்ல?” என்றாள் அக்கா.

“வேற யாரு ஒட்டினாலும் நீ கிழிச்சுப் போட்டுருவ.”

அக்கா கதவருகே நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்கத் தொடங்கினாள். பல நாள் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வெடிப்பு மறுபடி அசைந்தது. இந்த முறை புள்ளிகள் மழையோடுதான் ஏறின. திறந்த வாய் வழியே நீர் நேராக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சொல்லிக் குன்றுக்குக் கீழே போகும் சாலையை அடைத்த இரண்டாம் நாள், காலியாகக் கிடந்த அந்த மூன்று வீடுகளின் கொல்லைகளும் பெரும் சத்தத்தோடு அந்தச் சாலையில் போய் விழுந்தன. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

அக்கா குடியேறிய வாடகை வீட்டுக்கு அவள் நனைந்த துணியோடு ஓடிச் சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“துவைக்கிற கல்லுமா போச்சு?”

“எல்லாமே போச்சுக்கா.”

அக்கா துண்டை எடுத்து அவள் தலையில் போட்டு, வலிக்கிற அளவுக்கு அழுத்தித் துவட்டினாள்.