அவளுடைய பூனை

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகுமுன் சித்தி ஐரிஷ் படித்தாள். அவள் போகும் ஊரில் வயதானவர்கள் அந்த மொழிதான் பேசுவார்களாம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கைப்பேசி பாடம் சொல்லும், சித்தி திருப்பிச் சொல்வாள், அவள் மடியில் பூனை தூங்கும். எட்டு வயதுக்காரி நான் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பேன். எனக்குச் சித்தி என்றால் உயிர்.

விசித்திரமான மொழி அது. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்ற எல்லாவற்றுக்கும் 'அ' என்று ஒரே சொல். பின்னால் வரும் பெயர்தான் முதலெழுத்தை மாற்றிக்கொண்டு யாருடையது என்று காட்டிக்கொடுக்கும். அவளுடைய பூனை என்றால் 'அ காட்', மாற்றமில்லை. அவனுடையது என்றால் 'கா'வைத் தொண்டையைச் செருமுவது போலச் சொல்ல வேண்டும். அவர்களுடையது என்றால் அதே 'கா', காந்தி என்பதில் வருவது போல மெத்தென்று ஆகிவிடும்.

அங்கே உயிரில்லாத பொருளுக்குக்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. இரண்டு முறை குட்டி போட்ட எங்கள் பூனை அந்த இலக்கணத்தில் ஆண்பால். சிறுமி என்ற சொல்லும் ஆண்பால்தான் என்றதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யாரு பூனை, சொல்லு லா," என்று அடிக்கடி கேட்பாள். நான் அவளுடையது என்று மட்டும்தான் சொல்வேன். பூனை அவளுடையதாக இருக்கும்வரை அவள் போகமாட்டாள் என்று நம்பினேன்.

ஆனால் அந்த நாளும் வந்தது. அப்பா காருக்குச் சூடம் காட்டி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பெட்டி எடுக்க மேலே போனார். பழத்தை நசுக்காமல் எங்கள் கார் தூரப் பயணம் கிளம்பியதே இல்லை. பழம் இல்லையென்றால் பயணமும் இல்லை என்று கணக்குப் போட்டு, ஒன்றை எடுத்துக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னொரு பழம் எங்க? டைம் ஆச்சு," என்று அப்பா குனிந்து தேடினார். அப்போதுதான் சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். பையில் இருந்தது அவள் கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்தாள்.

"உருண்டு போயிருக்கு மாமா. நான் வைக்கிறேன்."

போக இவளுக்கு இவ்வளவு அவசரமா என்று எனக்கு அழுகை முட்டியது. சக்கரத்தின் பக்கம் குந்தியவள், திரும்பாமலே கேட்டாள்.

"யாரு பூனை?"

"அ காட்," என்றேன்.

பழத்தை வைத்துவிட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்பா இரண்டு முறை கூப்பிட்டும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அப்படி என்னதான் இருக்கிறதென்று நானும் குனிந்து பார்த்தேன்.