பக்கத்துத் தண்டவாளத்துச் சிவப்பு

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதினோரு வயதுவரை ஒரு ரயிலில்கூட ஏறாமல், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தே கம்ப்யூட்டர் விளையாட்டில் ரயில் ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்தத் தெம்பில் எங்கள் அத்தையின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்த முட்டாள் நான். சூடேறிய மானிட்டரும் வாசலில் கிடக்கும் ஈரச் செருப்புகளும் பக்கத்துக் கடை போண்டா எண்ணெயும் கலந்த அந்த நெடி எங்காவது அடித்தால், இன்றைக்கும் என் வலது கை இல்லாத ஹாரனைத் தேடுகிறது.

எங்கள் ஊரில் அப்போது ரயில் இல்லை. பார்க்க வேண்டுமானால் சின்னசேலம் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்தான். கல்வராயன் மலையேறும் வெள்ளிமலை பஸ், எந்த வளைவில் யார் கைகாட்டினாலும் நிற்கும். சீட்டில் ஒரு பை கிடந்தால், அதற்குரியவர் டீ குடித்துவிட்டு வரும்வரை கண்டக்டர் "ரைட்" கொடுக்க மாட்டார். "பை கீது, ஆளு வரும்" என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

அந்தச் சட்டத்தோடுதான் கம்ப்யூட்டர் ரயிலிலும் ஏறினேன். தண்டவாள ஓரம் வயலில் நின்ற பொம்மை மனிதர்களுக்காகவெல்லாம் வண்டியை நிறுத்தினேன், ஒருவரும் ஏறவில்லை. சென்டர் வைத்திருந்த குமார் அண்ணன் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, எக்ஸ்பிரஸ்ஸ மலை பஸ்ஸாட்டம் ஓட்டிக்கினு கீற?" என்றார். சென்டரே சிரித்தது.

ரோஷத்தில் சிக்னல்களைப் படித்தேன். பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் நில், அதில் சிரமமில்லை. மஞ்சள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. உளுந்தூர்பேட்டை லாரிகளுக்கு மஞ்சள் என்றால் "சீக்கிரம் பூந்துடு" என்று அர்த்தம். நானும் அப்படியே பூந்து, அடுத்த சிவப்பைத் தாண்டி, திரை கறுத்து, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவேன். ரயிலில் மஞ்சள், தான் நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை, அடுத்த கம்பத்தில் சிவப்பு காத்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுகிறது என்பது உறைக்க ஒரு கோடை விடுமுறையே ஆயிற்று. உறைத்த பிறகு நான் மனிதர்களோடு பேசுவதை விட்டுவிட்டேன்; ரயில்வேயின் சார்பில் அறிவிக்க மட்டுமே செய்தேன்.

அந்த ஆண்டுதான் ஜெசிந்தா அத்தைக்குச் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்கு நேர்காணல் வந்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. ஏற்கெனவே இரண்டு இடங்களில் கைவிரித்திருந்தார்கள். "இதுவும் ஆவலன்னா மாப்ள பாத்துட வேண்டியதுதான்" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். ரயில் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தானே.

சின்னசேலத்தில் ஏறியதும் பிளாட்பாரத்துக்கு மறுபக்க ஜன்னலைப் பிடித்து, கம்பியில் முகத்தைப் பதித்து முன்னால் பார்த்தேன். சிவப்பு!

"எதிர் வண்டி வருது அத்த. பத்து நிமிசத்துக்கு இது அசையாது."

"நெசமாவாடா? தொண்ட காய்ஞ்சி போச்சி, தண்ணி வாங்கியாந்துடறேன்."

"போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

அத்தை சர்டிபிகேட் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். பை கீது, ஆளு வரும்.

வண்டி நகர்ந்தது.

நான் மறுபடி எட்டிப் பார்த்தேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் அத்தை தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள், பிறகு சின்னதானாள். "அத்த ஏறலங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். எதிர் சீட்டில் மடியில் சேவலோடு இருந்த பெரியவர், "பத்து நிமிசம்னு நீதான சொன்ன?" என்றார். இழுக்கச் சங்கிலி இருப்பதே எனக்குத் தெரியாது. என் விளையாட்டில் சங்கிலி இல்லை. அவர் எழுந்து கைநீட்டுவதற்குள், "பிளாட்பாரமே தாண்டிப்போச்சி, இனிமே இழுத்து இன்னா?" என்று பெட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் அத்தையின் மூன்று வருடப் படிப்பை மார்போடு கட்டிக்கொண்டு அழுதேன். முதலிலிருந்து தொடங்க எந்தப் பட்டனும் இல்லை.

தலைவாசலில் வண்டி வெகுநேரம் நின்றது. இப்போது அதே பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். எதிர் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து, என்னைத் தாண்டிப் போயிற்று. அந்தத் தண்டவாளத்தில் எங்கள் திசையில் போகும் வண்டிக்கான கம்பத்தில் சிவப்பு மாறவில்லை. அழுகையோடு இந்தப் பக்க ஜன்னலுக்கு ஓடிவந்தால், பிளாட்பாரத்துப் பக்கம் எங்களுக்கென்று தனியாக ஒரு கம்பம், அதில் பச்சை விழுந்திருந்தது. சின்னசேலத்தில் நான் படித்தது காலியாகக் கிடந்த அடுத்த தண்டவாளத்தின் சிவப்பை. விளையாட்டில் திரையின் மூலையில் என் சிக்னலை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். எது என்னுடையது என்று நான் ஒருநாளும் தேட வேண்டியிருந்ததில்லை.

ஆத்தூரில் பிளாட்பாரத்தின் நடுவில் அத்தை நின்றிருந்தாள். ரோட்டுக்கு ஓடி, கைகாட்டி, நின்ற பஸ்ஸில் ஏறி, தலைவாசலில் காத்திருந்த எங்களை முந்தியிருந்தாள். ஏறியதும் பையைப் பிடுங்கி சர்டிபிகேட்டுகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வாங்கிய தண்ணீரை என்னிடமே நீட்டினாள்.

வேலை கிடைத்தது. மாப்பிள்ளையைப் பிறகு அத்தையே பார்த்துக்கொண்டாள். எனக்குத்தான் அந்தச் சிவப்பு இன்னும் அணையவில்லை. எவனெவனுக்கோ விழுந்த தடையை எனக்கென்று எடுத்துக்கொண்டு, என் வண்டி கிளம்பியது தெரியாமல் நின்ற இடங்கள் பிற்பாடு எத்தனையோ.

இப்போது பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். குமார் அண்ணன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த விளையாட்டு எந்தப் புது கம்ப்யூட்டரிலும் ஓட மாட்டேன் என்கிறது. வெள்ளிமலை பஸ்கூட இப்போதெல்லாம் சீட்டில் கிடக்கும் பைக்காகக் காத்திருப்பதில்லை.

போன மாதம் அத்தையோடு மறுபடி சின்னசேலத்தில் ரயிலேறினேன். அத்தைக்குத் தலை நரைத்துவிட்டது. ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, பழைய தெம்போடு, "அத்த, சிவப்பு போட்டு வச்சிக்கீறான், தண்ணி வாங்கியாரட்டுமா?" என்றேன்.

அத்தை தலையைத் திருப்பவில்லை.

"சிவப்பு யாருக்குடா?"